எட்டும் எட்டும் பதினாறு இல்லை மக்கா

ஆராய்ச்சிப் படிப்பை விட்டுட்டு ஊருக்குப் போயிடலாமான்னு ரெண்டு மாசமா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருக்கு. கைடுக்கு எழுதின மெயில் அனுப்பாம டிராஃப்ட்ல கிடக்கு. இந்த லட்சணத்துல, போன சனிக்கிழமை ராத்திரி என் ஹவுஸ்மேட் டாரட் கட்டைப் பிரிச்சா. நம்மூர் கிளி ஜோசியத்தையே நம்பாத ஆள் நான். ஆனா வெளியில கிளாஸ்கோ மழை, வேற வேலையும் இல்லை. சரின்னு உட்கார்ந்தேன்.

ரெண்டே சீட்டு. முதல்ல வந்தது எட்டுக் காசு. ஒரு பையன் பெஞ்சில உட்கார்ந்து சுத்தியும் உளியுமா காசு செதுக்கிக்கிட்டிருக்கான். அடுத்தது எட்டுக் கோப்பை. அடுக்கி வச்ச கோப்பைகளை விட்டுட்டு, சிவப்பு அங்கி போட்ட ஒருத்தன் கோலை ஊன்றிக்கிட்டு மலைப்பக்கம் போறான். "உழைச்சது போதும், கிளம்பு"ன்னா. அடிவயிறு கலங்கிடுச்சு எனக்கு. அப்புறம் சும்மா ரெண்டு சீட்டையும் இடம் மாத்தி வச்சுப் பார்த்தேன். "அலைஞ்சது போதும், உட்கார்ந்து வேலையைப் பாரு." அதுவும் எனக்குன்னே சொன்ன மாதிரிதான் இருந்துச்சு!

ஜோடிச் சீட்டுக்குப் பலன் சொல்ற இடத்துல எல்லாம் கூட்டல் கணக்குதான் நடக்குது. இது உழைப்பு, அது பிரிவு, கூட்டினா பலன் ரெடி. நடுவுல வர்ற வினைச்சொல்லை யார் போடறாங்க? பலன் சொல்றவங்க பாதி, கேக்கற நாம மீதி. 1948ல் பெர்ட்ரம் ஃபோரர்ங்கற உளவியலாளர் தன் மாணவர்கள் எல்லாருக்கும் ஒரே குணவிளக்கத்தைக் கொடுத்து மார்க் போடச் சொன்னார். 5க்கு சராசரியா 4க்கு மேல போட்டாங்க, தங்களுக்குன்னே எழுதினதுன்னு நம்பி. நானும் போட்டிருப்பேன்.

அதுக்காகக் கட்டைத் தூக்கிக் குப்பையில போடச் சொல்லலை. படம் இருக்கே! 1909ல் லண்டன்ல வந்த கட்டு இது. திட்டம் ஏ. ஈ. வெயிட்டோடது, வரைஞ்சது பமீலா கோல்மன் ஸ்மித். பழைய மார்செய் கட்டுல எட்டுக் கோப்பைன்னா வெறும் எட்டுக் கோப்பைதான், மனுஷன் கிடையாது. இந்தக் கட்டுல அங்க ஆளை நடக்க விட்டது இந்தம்மா. வேலை பெரிசு, காசு ரொம்பக் கம்மின்னு அந்த வருஷமே நண்பர் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதியிருக்காங்க. 1951ல் கடனோட செத்துப்போனாங்க. கட்டோ ரொம்பக் காலம் வெயிட் பேர்லயும் பதிப்பாளர் ரைடர் பேர்லயும்தான் வித்துச்சு. காசு செதுக்கற பையனைப் பார்த்தா எனக்கு இவங்க ஞாபகம்தான் வருது.

அதனால அர்த்தப் பட்டியலை மூடி வச்சுட்டுப் படத்தைப் பாருங்கங்கறேன். அன்னிக்கு ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு பார்த்தேன். கோப்பை ஒண்ணுகூடக் கவிழலை, உடையலை. கீழ அஞ்சு, மேல மூணு, மேல் வரிசையில மட்டும் ஒரு இடைவெளி. போறவன் கோவத்துல எதையும் எட்டி உதைச்சுட்டுப் போகலை. என் டிராஃப்ட் மெயில்ல இருந்ததெல்லாம் கோவம் மட்டும்தான். கைடு மேல, குளிர் மேல, கடன் வாங்கி அனுப்பின அப்பா மேலகூட.

மெயிலை அழிச்சுட்டேன். போறதா இருக்கறதான்னு இன்னும் முடிவு பண்ணலை. அப்பாகிட்ட முதல்ல பேசணும். இப்ப அங்க விடியக்காலை நாலு மணி, எழுந்திருக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு.