கூடம் கோணல்தான்!



"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று ஒரு பழமொழி உண்டு. நம் லேப்பில் அவுட்புட் வராத மாணவனைப் பார்த்து நூறு முறையாவது சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால், ஆடுகிறவள் என்ன செய்வாள்?

மலருக்குக் கட்டுரை கேட்டதும் இதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

சைதாப்பேட்டைக்காரன் நான். பஜார் ரோடு பக்கம் ஒரு சந்தில் வீடு. எங்கள் குழுவின் பிராஜெக்ட், தினமும் பார்க்கிற மறைமலை அடிகள் பாலத்தைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணத்தில் கட்டுவது. தூண்கள், கீழே அடையாறு, மேலே நூற்றுக்கணக்கில் வண்டிகள், வெயில், நிழல் எல்லாம் சி மொழியில் ஓபன்ஜிஎல் வைத்து நாங்களே எழுதினோம்.

வீட்டில் அக்கா வாங்கிய அரசு லேப்டாப் இருக்கிறது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், நம்ம நந்தனம் எல்காட் கொள்முதல் செய்து கொடுத்த லட்சக்கணக்கான மடிக்கணினிகளில் ஒன்று. நாலு ஜிபி மெமரி. பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, ஒயரைச் செருகினால்தான் உயிர். அதில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸில் எங்கள் பாலத்தை ஓட்டினால் வண்டிகள் வழுக்கிக்கொண்டு போகும். அம்மா கூட எட்டிப் பார்த்து, "டேய், நம்ம பிரிட்ஜ்டா!" என்றார்கள்.

செய்முறைத் தேர்வு நாள் வந்தது. எந்த இடத்து லேப் என்று சொல்லப் போவதில்லை, யாரையும் காட்டிக்கொடுப்பது என் நோக்கமல்ல. அங்கே இருந்தவை அக்கா லேப்டாப்பை விடப் பல மடங்கு புதிய மெஷின்கள். விண்டோஸ் மேல் விர்ச்சுவல் பாக்ஸ், அதற்குள் லினக்ஸ். எங்கள் பாலம் திறந்தது. வண்டி ஒரு அடி நகர்ந்தது... நின்றது... இன்னொரு அடி. தீபாவளிக்கு முந்தின நாள் தி.நகர் டிராஃபிக் தேவலை!

"லூப் சரியில்லப்பா. வீட்ல ஓடுச்சுன்னு எல்லாரும்தான் சொல்றாங்க" என்றார் தேர்வாளர். மார்க் போனது. அதை விட, கூட உழைத்த நண்பன், "நமக்கு இதெல்லாம் வராது மச்சி" என்று சொன்னதுதான் இன்னும் வலிக்கிறது.

மூன்று ராத்திரி அந்த லூப்பை மாற்றி மாற்றி எழுதினேன். கடைசியில் லேப் அண்ணா ஒருவரைக் கெஞ்சி, அதே மெஷினில் உட்கார்ந்து ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கமாண்டை அடித்தேன். ரெண்டரர் என்ற வரியில் 'எல்எல்விஎம்பைப்' என்று வந்தது. அதாவது, படம் வரைகிற வேலையை கிராபிக்ஸ் சிப் செய்யவே இல்லை. விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுத்த இரண்டு கோர் பிராசசரே ஒவ்வொரு புள்ளியையும் கணக்குப் போட்டு வரைந்துகொண்டிருந்தது. டெஸ்க்டாப்பையும் அதுவேதான் வரைந்தது. பின் எப்படி வண்டி ஓடும்?

ஏன் இப்படி? நம்ம பாலத்தையே உதாரணம் சொல்கிறேன். 1726-இல் கோஜா பெட்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தன் சொந்தப் பணத்தில் இங்கே பாலம் கட்டினார். பாலம் இல்லாதவரை ஆற்றில் இறங்கித்தானே கடக்க வேண்டும்? விர்ச்சுவல் மெஷின் சைதாப்பேட்டைக் கரை என்றால், கிராபிக்ஸ் சிப் கிண்டிக் கரை. நடுவில் டிரைவர் என்கிற பாலம் இருந்தால் வண்டி பறக்கும். இல்லையென்றால் பிராசசர் எல்லாவற்றையும் தலையில் சுமந்து தண்ணீரில் இறங்குகிறது.

ஐபிஎம் தன் பெரிய கணினிகளுக்கு விஎம்/370-ஐ அறிவித்தது 1972-இல். நம் மேஜைக் கணினிக்கு விஎம்வேர் வந்தது 1999-இல். பிராசசரையும் மெமரியையும் பங்கு போடக் கற்றுக்கொண்டவர்களுக்கு கிராபிக்ஸைப் பங்கு போடுவது கடைசி வரை தலைவலியாகவே இருந்தது. ஒவ்வொரு கம்பெனி சிப்பும் ஒவ்வொரு மாதிரி, உள்ளே நடப்பதும் பாதி ரகசியம். விர்ச்சுவல் பாக்ஸில் முப்பரிமாண வசதி எட்டிப் பார்த்ததே 2008 டிசம்பரில், 2.1 பதிப்பில்தான். அதுவும் தானாக வராது. நாம்தான் டிக் போட வேண்டும்.

அன்று நாங்கள் செய்தது இவ்வளவுதான். விர்ச்சுவல் மெஷினை முழுசாக ஷட்டவுன் செய்தோம். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பக்கத்தில் வீடியோ மெமரியை 128 எம்பி ஆக்கினோம். கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ என்று இருக்கிறதா என்று பார்த்தோம். 'எனேபிள் 3டி ஆக்ஸிலரேஷன்' கட்டத்தில் டிக். திரும்ப ஆன் செய்தால்... திரை முழுக்க இருட்டு! "இதுக்குத்தாம்பா எடுத்து வெச்சோம்" என்றார் அண்ணா.

அப்போதுதான் புரிந்தது. முன்பு யாரோ டிக் போட்டு, இருட்டு வந்து, பயந்து எடுத்திருக்கிறார்கள். அந்த நேரத்துக்கு அது சரியான முதலுதவிதான். ஆனால் முதலுதவியையே வைத்தியமாக விட்டுவிட்டார்கள். வெளியே விண்டோஸில் இருந்த கிராபிக்ஸ் டிரைவர், மெஷின் வாங்கிய நாளிலிருந்து புதுப்பிக்கப்படவே இல்லை. அதைப் புதுப்பித்தோம். மறுபடி ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ. இந்த முறை 'எஸ்விஜிஏ3டி' என்று வந்தது. எங்கள் பாலத்தில் வண்டிகள் ஓடின. ஒரு வரி கூட மாற்றாத பழைய லூப்!

உங்களுக்கும் உதவும் என்பதால் இன்னும் இரண்டு விஷயம். விருந்தாளியாக உள்ளே இருப்பது விண்டோஸ் என்றால் கன்ட்ரோலர் விபாக்ஸ்எஸ்விஜிஏ, கூடவே கெஸ்ட் அடிஷன்ஸ் கட்டாயம். இன்றைய லினக்ஸில் முப்பரிமாண டிரைவர் கர்னலோடும் மேசாவோடும் சேர்ந்தே வந்துவிடும். அடுத்து, விர்ச்சுவல் பாக்ஸ் ஜன்னலின் கீழ்ப் பட்டையில் பச்சை ஆமை தெரிகிறதா? வெளியே விண்டோஸின் ஹைப்பர்-வி பிராசசரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மந்தம் வேறு, இந்த மந்தம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

"மாணவர்களிடம் செட்டிங்ஸைத் திறந்து விட்டால் லேப் நாசமாகும்" என்பார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம்பிக்கையில்லாத சிஸ்டத்துக்கு முப்பரிமாண வசதியைத் தராதீர்கள் என்று விர்ச்சுவல் பாக்ஸ் கையேடே எச்சரிக்கிறது. மைக்ரோசாப்ட் தன் ரிமோட்எஃப்எக்ஸ் விஜிபியூவைப் பாதுகாப்புக் குறை காரணமாக 2020-இல் முடக்கி, 2021-இல் நீக்கியே விட்டது. ஆகவே எல்லார் கையிலும் சாவி கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, கிராபிக்ஸ் செய்முறைத் தேர்வுக்கு முன் ஒவ்வொரு மெஷினிலும் ரெண்டரர் பெயரைப் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். ஒரு மெஷினுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது. இரண்டு, சந்தேகம் வந்தால் மாணவன் தன் சொந்த மெஷினில் ஓட்டிக்காட்ட அனுமதி வேண்டும். மூன்று, பழுது கண்டுபிடிப்பதையும் பாடமாக வைக்க வேண்டும். ஃபிட்டர் பிரிவில் லேத்தின் அலைன்மென்ட் பார்க்காமல் ஜாப்பைக் குறை சொல்வார்களா? கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

வசதியான வீட்டுப் பையன் நல்ல லேப்டாப் வாங்கித் தப்பித்துவிடுவான். லேப்பை மட்டுமே நம்பி வருகிறவன்தான், மெஷினின் குற்றத்தைத் தன் மூளையின் குற்றமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். எடுக்கப்பட்டிருந்த ஒரு டிக், ஒருவனை "நமக்கு வராது" என்று சொல்ல வைத்துவிட்டது. மார்க்கை மறுமுறை எழுதி வாங்கிவிடலாம். அந்த வார்த்தையை எப்படித் திரும்ப வாங்குவது?

தோழர்களே, அடுத்த முறை உங்கள் புரோகிராம் நொண்டினால், முதலில் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். கூடத்துக்கு ஒரு ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அப்புறம் ஆடலாம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறியியல் துறை