பெயர் ஒன்று, பொருள் வேறு

வெற்றுப் புட்டியை எறிந்துவிடும் வழக்கம் நம் இல்லங்களில் பெரும்பாலும் இல்லை. ஹார்லிக்ஸ் தீர்ந்தால் அப்புட்டியில் புளி குடிபுகும். ஊறுகாய் தீர்ந்தால் அச்சாடியில் கடுகு நிறையும். எஞ்சியவை காயலான் கடையில் காசாகும். இச்சிக்கனம் போற்றத்தக்கதே. ஆயினும் எல்லாப் புட்டிகளுக்கும் இந்நீதி பொருந்துமா என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட வினா.

மின்சிகரெட்டு என்றும் வேப் என்றும் வழங்கும் கருவியில் ஊற்றும் நீர்மம் சிறு குப்பிகளில் வருவது. குப்பி தீர்ந்ததும் அதனைக் கழுவிச் சேர்த்துவைத்து, நிகோடின், கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால், மணச்சாறு ஆகியவற்றைத் தாமே கலந்து நிரப்பிக்கொள்வோர் பல நாடுகளில் உளர். பணமும் மிச்சம், பிளாஸ்டிக் குப்பையும் குறைவு என்பது அவர் வாதம். இளைஞர் செவிக்கு இவ்வாதம் இனிக்கும். ஆதலின் இதனை ஆராய்தல் நம் கடனாகின்றது.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இடந்தரவில்லை. தமிழ்நாடு 2018-ஆம் ஆண்டிலும், இந்திய அரசு 2019-ஆம் ஆண்டிலும் மின்சிகரெட்டைத் தடை செய்தன. ஆக்குதல், இறக்குமதி செய்தல், விற்றல் ஆகியவற்றுக்கு முதற் குற்றமாயின் ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படும். சட்டத்தை மதிப்போர்க்கு இதுவே போதும். போதாது என்பார்க்கு வேறு காரணமும் கூறுவோம்.

ஹார்லிக்ஸ் புட்டியில் புளி இருப்பதனை எவரும் கண்டவுடன் அறிவர். புட்டியின் பெயர் பொய்த்தாலும் கண்ணும் மூக்கும் அப்பொய்யைத் திருத்திவிடுகின்றன. இந்நீர்மமோ அத்தகையதன்று. புரொப்பிலீன் கிளைக்காலும், கொடிய நஞ்சாகிய டைஎத்திலீன் கிளைக்காலும் இரண்டும் நிறமற்றவை, இனிப்பானவை. ஆய்வுக்கூடமன்றி வேறெதுவும் அவற்றைப் பிரித்தறியாது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டா. சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஒரகடம் வழியே திருப்பெரும்புதூர் சென்று, பெங்களூர்ச் சாலையில் சற்று மேற்கே நடந்தால் சுங்குவார்சத்திரம் வரும். அங்கே உரிமம் பெற்ற ஒரு தொழிற்சாலையில் செய்யப்பட்ட கோல்ட்ரிஃப் என்னும் இருமல் மருந்தில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததென 2025 அக்டோபரில் நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வு காட்டிற்று. பொறுக்கத்தக்க எல்லையோ 0.1 விழுக்காடே. மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா முதலிய இடங்களில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு மாண்டனர். உரிமமும் மேற்பார்வையும் உடைய இடத்திலேயே இவ்வாறாயின், விடுதி அறையில் பழங்குப்பியும் ஊசிக்குழலும் கொண்டு கலப்பவன் தன் கையில் இருப்பது யாதென எங்ஙனம் அறிவான்?

உண்ணத்தக்கது உயிர்க்கத் தக்கதாகும் என்பதும் பிழை. மாத்திரையாக உட்கொள்ளவும் தோலிற் பூசவும் பயன்படும் வைட்டமின் ஈ அசிட்டேட்டு, அமெரிக்காவில் 2019-ஆம் ஆண்டு நுரையீரலுட் புகுந்து கேடு விளைத்தது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனை புகுந்தனர் அல்லது இறந்தனர். இறந்தோர் 68 பேர். அவருட் பெரும்பாலோர் முறையான கடைகளிலன்றிக் கைமாற்றாகப் பெற்ற கஞ்சாச் சாற்றுக் கலவையைப் புகைத்தவர்.

அளவின் பிழையோ இன்னும் எளிது. மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் செறிவுள்ள நிகோடினில் 0.3 மில்லிலிட்டர் எடுத்துப் பத்து மில்லிலிட்டர் குப்பியை நிரப்பினால் செறிவு 3 ஆகும். புள்ளி ஒன்று பிறழ்ந்து 3 மில்லிலிட்டர் ஊற்றினாலோ செறிவு 30 ஆகும். ஐரோப்பிய ஒன்றியம் விதித்த உச்சவரம்போ 20 தான். குப்பியின் மேலுள்ள சீட்டு மட்டும் பழைய அளவையே காட்டிக்கொண்டிருக்கும்.

அக்குப்பியை எடுப்பவர் அதனை நிரப்பியவரே என்பதற்கும் உறுதியில்லை. 2014 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை நிகோடின் நீர்மத்தை விழுங்கி உயிர் நீத்தது. அதன்பின் 2016-இல் அந்நாடு இக்குப்பிகளுக்குக் குழந்தைகள் திறக்கவியலா மூடியைக் கட்டாயமாக்கும் சட்டம் செய்தது. தேய்ந்த மூடியும், பழமணம் வீசும் நீர்மமும், பொய்யான சீட்டும் ஒருங்கே அமைந்த குப்பி விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவனது பையிற் சென்றால், அங்கே தம்பி தங்கையர் கைக்கு எட்டாதோ?

வேதாசலம் என்னும் தம் பெயரையே தமிழாக்கி மறைமலை எனக் கொண்டவர் அடிகளார். அவர் பெயர் தாங்கிய நகரில் வாழும் நாம், ஒரு பெயர் தன் பொருளை உண்மையாக உணர்த்துதல் வேண்டும் என்பதனைச் சிறிது கருதலாகாதா? புட்டியின் சீட்டு என்பது, உள்ளிருப்பதற்கு யான் பொறுப்பு என ஒருவர் தரும் வாக்கு. வேறொன்றை நிரப்பியபின் அவ்வாக்குக்கு உரியவர் எவருமிலர்.

ஆதலின், தோழர்களே, சிக்கனத்தை விடுமாறு யான் கூறவில்லை. புளிக்கும் கடுகுக்கும் புட்டிகள் இருக்கட்டும். நஞ்சிருந்த குப்பியை மட்டும் கழுவி வைக்காதீர்கள். புகையை விட விழைவோர்க்கு மருந்துக் கடையில் நிகோடின் மெல்லும் பசை உண்டு. அறிவுரை கூற மருத்துவரும் உளர். மிச்சம் பிடிக்க எண்ணுவோர்க்கோ, அக்குப்பியையே வாங்காதிருத்தலினும் பெரிய மிச்சம் வேறில்லை.