இழுத்துச் சென்றால் மட்டும் போதுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

'பட்ட காலிலே படும். கெட்ட குடியே கெடும்' என்பது பழமொழி. அதன் பொருளை ஒரு மருத்துவமனை வாசலில் நின்று நான் கற்றுக்கொண்டேன்.

என் தந்தையார் சந்தை சந்தையாகச் சென்று துணி விற்பவர். கையெழுத்துப் போடும் அளவுக்கே படித்தவர். மூட்டை சுமந்து தோள் தேய்ந்த பின், கடன் வாங்கி ஒரு பழைய மாருதி 800 கார் வாங்கினார். அன்று அப்பத்தாவுக்கு மூச்சுத் திணறல். பதற்றத்தில், வண்டி நிறுத்தக் கூடாது என்று எழுதிய பலகையின் அடியிலேயே காரை விட்டுவிட்டு உள்ளே ஓடினோம். இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் காரைக் காணோம்! அதிலிருந்த துணி மூட்டைகளையும் காணோம்.

"எவனோ கொண்டுபோயிட்டான்டா" என்று அப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எதிரே இருந்த டீக்கடைக்காரர்தான், "ரெக்கவரி வண்டி வந்துச்சுண்ணே, போலீஸ்காரங்க தூக்கிட்டுப் போனாங்க" என்றார். எங்கே கொண்டுபோனார்கள் என்பது அவருக்கும் தெரியவில்லை. முதல் காவல் நிலையத்தில் 'எங்கள் எல்லை இல்லை' என்றார்கள். இரண்டாவதில் 'ஐயா வரட்டும்' என்றார்கள். மூன்றாவது நிலையத்தின் பின்புறத்தில், இருட்டிய பிறகு, எங்கள் காரைக் கண்டோம்.

அதோடு தீர்ந்ததா? பதிவுச் சான்று பழைய உரிமையாளர் பெயரில் இருந்தது. வண்டி வாங்கியவர் 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்; அப்பாவுக்கு அது தெரியாது. அபராதச் செய்தியும் வேறு ஊரிலிருந்த அந்தப் பழைய உரிமையாளரின் கைபேசிக்கே போயிருந்தது. அவரைத் தேடிப் பிடித்துக் கடிதம் வாங்கி வர மூன்று நாளாயிற்று. இதற்கிடையே, "இரண்டாயிரம் கொடு, இப்பவே எடுத்துத் தர்றேன்" என்று ஒரு தரகர் வேறு! கட்டிய அபராதத்தைவிட, போன இரண்டு சந்தை நாட்களே எங்களுக்குப் பெரிய தண்டனை.

தவறு எங்களுடையதுதான், மறுக்கவில்லை. ஆம்புலன்ஸ் வரும் வழியில் நின்ற கார், இன்னொரு வீட்டு அப்பத்தாவின் உயிரை மறித்திருக்கக் கூடும். தடைசெய்த இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்ல 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 127-ஆம் பிரிவில் அதிகாரம் தருகிறது. இழுவைச் செலவும் உரிமையாளர் தலையில்தான். நியாயமே! ஆனால் எடுத்துச் சென்ற இடத்தைச் சொல்வது மட்டும் யார் கடமை? அபராதத்தைக் கைபேசிக்கு அனுப்பத் தெரிந்த காலத்தில், வண்டி நின்ற இடத்தில் ஒரு பலகை வைத்து நிலையத்தின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுத முடியாதா?

அந்த நிலையத்தில் நான் கண்ட இன்னொரு காட்சி என்னை இன்னும் உறுத்துகிறது. துருப்பிடித்த ஆட்டோக்கள், சக்கரமிழந்த மோட்டார் சைக்கிள்கள், கொடி படர்ந்த ஒரு வேன். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் சோறல்லவா? வழக்கில் கைப்பற்றிய வண்டிகளை நிலையங்களில் நெடுநாள் போட்டு வைப்பதில் பயனில்லை, தக்க பிணை பெற்று நீதிமன்றம் விடுவிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே கூறிவிட்டது. 1-7-2024 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, கைப்பற்றிய பொருள் நீதிமன்றத்தின் முன் வந்த 14 நாட்களுக்குள் அதன் விவரப் பட்டியலைத் தயாரிக்க வேண்டும், அதிலிருந்து 30 நாட்களுக்குள் பொருளை என்ன செய்வதென்று ஆணையிட வேண்டும் என்கிறது. இருந்தும் வண்டிகள் துருப்பிடிப்பானேன்? கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்கலாம் என்பதே தெரியாததும் ஒரு காரணம் என்பேன்.

இழுத்துச் சென்ற வண்டிக்கு அபராதமும் இழுவைச் செலவும் கட்டி ரசீது பெற வேண்டும். பதிவுச் சான்றோ பெர்மிட்டோ இல்லாததால் பிடித்து வைத்த வண்டிக்கு, உரிய ஆவணங்களுடன் போக்குவரத்து அதிகாரியிடம் மனுச் செய்ய வேண்டும். குற்ற வழக்கில் சிக்கிய வண்டிக்கு நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். இந்த மூன்று வழிகளை அறியாத இடத்தில்தான் தரகர் பிழைக்கிறார்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். நம் பெற்றோரின் வண்டிக்குப் பதிவுச் சான்று யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பார்ப்போம். நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், காவல்துறையின் அனுமதி பெற்று, இந்த மூன்று வழிகளையும் எளிய தமிழில் எழுதி மருத்துவமனை வாசலிலும் நிலைய வாசலிலும் வைக்கட்டும். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கார் சாவியை வாங்கியபோது அப்பா அந்த ரசீதை என்னிடம் நீட்டி, "இதுல என்னடா எழுதியிருக்கு, படி" என்றார். வரி விடாமல் படித்துக் காட்டினேன். நான் கல்லூரிக்கு வந்ததன் பயனை அன்று உணர்ந்தேன். படித்துக் காட்ட ஆளில்லாத தந்தைமார் இன்னும் எத்தனை பேரோ!