மச்சத்தைப் பார்க்கும் நாம் கண்ணையும் பார்க்க வேண்டும்

பிறந்த குழந்தையின் முகத்தில் சிவந்த மச்சம் ஒன்று தெரிந்தால், "கிரகணத்தன்று வெளியே போனாயா?" என்ற கேள்வியே பல வீடுகளில் முதலில் எழுகிறது. பெற்றவள் தலைகுனிந்து நிற்கிறாள். அவசியமான கேள்வியோ கேட்கப்படாமலே போகிறது: குழந்தையின் கண்ணைப் பரிசோதித்தாயிற்றா?

எல்லாச் சிவப்பும் நோயன்று. புருவங்களின் நடுவிலும் பிடரியிலும் காணும் இளஞ்சிவப்புத் திட்டுகள் பச்சிளங்குழந்தைகள் பலருக்கும் உண்டு. முகத்தில் உள்ளவை பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் மங்கிவிடும். ஆனால் நெற்றியிலும் மேலிமையிலும், பெரும்பாலும் ஒரு பக்கமாக, படர்ந்திருக்கும் கருஞ்சிவப்பு மச்சம் தானாக மறைவதில்லை. மாநிறத்திலும் கருநிறத்திலும் அது எளிதில் கண்ணுக்குப் புலப்படாமலும் போகலாம். அத்தகைய குழந்தைகளுள் சிலருக்கு, தோலில் உள்ளதைப் போலவே மூளையை மூடிய சவ்விலும் கண்ணினுள்ளும் இரத்த நாளங்கள் பிறழ்ந்திருக்கும். இதுவே ஸ்டர்ஜ்-வெபர் நோய்.

1879-இல் வில்லியம் ஆலன் ஸ்டர்ஜ் என்னும் ஆங்கில மருத்துவர், முகத்தில் மச்சமும் உடலில் வலிப்பும் கொண்ட ஒரு சிறுமியைக் கண்டு, மூளையிலும் அத்தகைய மச்சம் இருக்க வேண்டும் என்று உய்த்துணர்ந்தார். காரணம் 2013-இல்தான் வெளிப்பட்டது. கரு வளர்கையில் ஓர் உயிரணுவில், ஜிஎன்ஏக்யூ என்னும் மரபணுவில், தற்செயலாக நேரும் மாற்றமே அது. பெற்றோரிடமிருந்து வருவதன்று. கிரகணமும் காரணமன்று, தாய் உண்டதும் காரணமன்று. இனி எவரும் அவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தலாகாது.

கண்ணைப் பற்றி நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கண்ணினுள் அழுத்தம் உயரும் கிளாக்கோமா இந்நோயில் அடிக்கடி நேர்வது. குழந்தையால் சொல்ல இயலாது. அழுத்தத்தால் கண் பெரிதாகும்போது, "என்ன அழகான பெரிய கண்!" என்று உறவினர் மகிழ்வதும் உண்டு. கண்ணில் நீர் வடிதல், வெளிச்சத்தில் கூசுதல், கருவிழி மங்குதல் ஆகியவற்றைக் கண்டால் நாள் கடத்தாதீர்கள். சொட்டு மருந்தாலும் அறுவை சிகிச்சையாலும் அழுத்தத்தைக் குறைக்கலாம். இழந்த பார்வையை மீட்க இயலாது. ஒருமுறை சரியாக இருந்தது என்று விட்டுவிடவும் கூடாது. பிள்ளை வளர்ந்த பின்னும் கிளாக்கோமா வரக்கூடும்.

வலிப்பு பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே தொடங்குகிறது. மச்சத்துக்கு எதிர்ப்பக்கக் கையோ காலோ வெட்டி வெட்டி இழுக்கலாம். அப்போது கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனில்லை. குழந்தையை ஒருக்களித்துக் கிடத்தி, வாயில் எதுவும் இடாமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

லேசர் சிகிச்சை மச்சத்தின் நிறத்தைக் குறைக்கும். அது வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அது கண்ணையும் மூளையையும் குணப்படுத்தாது. முகம் வெளுத்ததும் நோய் தீர்ந்ததென எண்ணிப் பரிசோதனையை நிறுத்துவது பேராபத்து.

எங்கள் கருத்து இதுதான்: நெற்றியிலோ இமையிலோ இத்தகைய மச்சத்துடன் பிறக்கும் குழந்தையின் டிஸ்சார்ஜ் சீட்டில், மச்சம் உள்ள இடமும் கண் பரிசோதனைக்கு வரவேண்டிய நாளும் தவறாமல் எழுதப்பட வேண்டும். எழுதுவது மருத்துவமனையின் கடமை. எழுதப்படவில்லையெனில், தயங்காமல் கேட்டு எழுதி வாங்குங்கள். அது உங்கள் உரிமை.