மலை, டிக்கெட் வாங்கியவருக்கு மட்டும்தானா?

   

குரங்கணிக்கு மேலே ஏறும் ஒத்தையடிப் பாதை நமக்குப் புதுசா? நம் பாட்டனும் பூட்டனும் காப்பி மூட்டையும் மிளகு மூட்டையும் தலைச்சுமையாக இறக்கிய பாதை அது. தொழுமாடு ஏறி இறங்கித் தேய்ந்த பாதை. இன்றைக்கு அதற்குப் பேர் மாறிப் போச்சு. 'டிரெக்கிங்' பாதை என்கிறார்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைச் சுற்றுலாவுக்குத் திறந்தது. நம் தேனி மாவட்டத்துக் குரங்கணி – சாம்பலாறு பாதையும் அதில் சேர்த்தி. கம்ப்யூட்டரில் பேரைப் பதிந்து பணத்தைக் கட்டினால், சென்னையில் இருந்து வருகிறவர் வழிகாட்டியோடு ராஜநடையாக மலை ஏறலாம்.

வரட்டும். மலையைப் பார்க்க வருகிறவருக்கு ஒரு வாய் மோர் கொடுத்து அனுப்புகிறவர்கள்தான் நாம். அந்தத் திட்டத்தில் உள்ளூர் இளைஞர்களையும் ஆதிவாசி இளைஞர்களையும் வழிகாட்டியாக வைத்திருக்கிறார்கள். அதை நாம் வரவேற்கிறோம். வருகிறவர் மேல் நமக்குக் கோபம் கிடையாது. நம் கேள்வி எல்லாம் அரசாங்கத்திடம்தான். ஒரு நாள் வந்து போகிறவருக்கு ஒரு டிக்கெட்டில் திறக்கிற மலை, அங்கேயே பிறந்து அங்கேயே சாகிற நமக்கு மட்டும் ஏன் சாத்தியே கிடக்கிறது?

வனஉரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. அதில் மேய்ச்சல் உரிமை, காட்டுப்பொருள் எடுக்கும் உரிமை, உழுது வரும் நிலத்துக்குப் பட்டா எல்லாம் எழுதியிருக்கிறது. ஆனால் பழங்குடி அல்லாத நம்மைப் போன்றவர்கள் என்ன காட்ட வேண்டும் தெரியுமா? 2005 டிசம்பர் 13-க்கு முன்னால் 75 வருடம், மூன்று தலைமுறை, காட்டையும் காட்டு நிலத்தையும் நம்பி வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அதாவது 1930-லிருந்து! அப்போது நம் தாத்தாவுக்கு ரேஷன் கார்டு கொடுத்தது யார்? சாட்சி வேண்டுமென்றால் ஊர்ப் பேரைக் கேளுங்கள். மேலே டாப் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன், கொட்டகுடியில் பாட்டம் ஸ்டேஷன். வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை குட்டி ரயிலில் கொண்டுவந்து, அங்கிருந்து கம்பித் தொட்டியில் கொட்டகுடிக்கு இறக்கினார்கள். 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அடித்துக்கொண்டு போனது. ரயில் போய் நூறு வருடம் தாண்டியும் 'ஸ்டேஷன்' என்கிற பேர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெட்டிகளைத் தூக்கி வைத்து இறக்கியது எவன் கை? துரை கையா?

அடுத்து, இந்த 'சாகசம்' என்கிற சொல். பஸ் போகாது, கல்லும் முள்ளும், போனில் சிக்னல் கிடையாது, அட்டை கடிக்கும், வழியில் காட்டுமாடு நிற்கும். இதைத்தான் சாகசம் என்று விற்கிறார்கள். ரோடு இல்லாததை நம் போடி, பெரியகுளம் மலை ஊர்களில் சாகசம் என்றா சொல்கிறோம்? பிரசவ வலி வந்த பெண்ணைக் கம்பில் போர்வை கட்டி டோலியில் தூக்கி வருகிறோம், அதற்குப் பேர் என்ன? தேர்தல் வந்தால் வாக்கு இயந்திரம் குதிரை முதுகில் ஏறிப் போகிற ஊர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. இயந்திரத்துக்குக் குதிரை பிடிக்கத் தெரிந்த அரசுக்கு, மிளகு மூட்டைக்கும் நோயாளிக்கும் ஒரு ஜீப் பாதை போடத் தெரியவில்லை. கேட்டால் காடு கெட்டுப்போகும் என்று பதில் வருகிறது. கொழுக்குமலையைப் பாருங்கள். நம் போடி தாலுகாவில் இருக்கிற மலை. அதில் சூரிய உதயம் பார்க்கக் கேரளத்துச் சூரியநெல்லியில் இருந்து விடியற்காலையில் ஜீப் ஜீப்பாக ஏறுகிறது. நம் பக்கத்தில் இருந்து போக வேண்டுமானால் நடை.

இதில் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் பேச வேண்டும். குரங்கணியில் இருந்து டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறுக்குப் பெரிய ரோடு வேண்டும் என்று கேட்கிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். வியாபாரம் பெருகும் என்பது அவர்கள் கணக்கு. சங்கத்தின் கருத்து வேறு. அகல ரோடு வந்தால் அதன் பின்னாலேயே ரிசார்ட் வரும், ரிசார்ட் வந்தால் நம் நிலம் போகும். நமக்கு வேண்டியது ஆம்புலன்சும் சரக்கு ஜீப்பும் ஏறி இறங்க ஒரு பாதை. அவ்வளவுதான்.

2018 மார்ச் 11-ஐ யாரும் மறந்திருக்க முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை குரங்கணி மலைச்சரிவில் காய்ந்து நின்ற புல்லில் தீ ஏறியது. மலையேற வந்தவர்களில் 23 பேர் செத்தார்கள். பெரும்பாலும் சின்ன வயசுப் பிள்ளைகள். அனுமதி இருந்ததா, எந்தப் பாதைக்கு இருந்தது என்று பிறகு பெரிய விவாதமெல்லாம் நடந்தது. ஆனால் கூக்குரல் கேட்டு முதலில் மேலே ஓடியது யார்? ஊர்க்காரர்களும் எஸ்டேட் தொழிலாளிகளும்தான். கிடைத்த போர்வையில் டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். அந்த வழி அவர்களுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. விதி வேண்டியதுதான். ஆனால் அந்த மலையை அறிந்த ஊர்க்காரனின் பேச்சுக்கு அந்த விதியில் எவ்வளவு இடம்?

அதோடு புல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாடு மேய்ந்த சரிவில் புல் முழங்காலுக்கு மேல் நிற்காது. மேய்ச்சலை நிறுத்தினால் போதைப்புல் ஆள் உயரம் வளர்ந்து, மாசியில் காய்ந்து, பொறி பட்டால் வெடிமருந்து மாதிரிப் பிடிக்கும். மலைமாடு வைத்திருக்கிற எவரும் இதைச் சொல்வார்கள். ஆனால் நடந்தது என்ன? 2022 மார்ச் 4-ல் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் முழுவதிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அதே மாதம் 17-ல் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகத்துக்கு மட்டும் என்று திருத்தியது. மேகமலை 2021-லேயே ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆகிவிட்டதால், அந்தப் பக்கத்துத் தொழுக்காரர்களுக்குத் திருத்தமும் ஒன்றுதான், தடையும் ஒன்றுதான். மற்ற இடங்களில் 'பாஸ்' கேட்டு அலைய விடுகிறார்கள். மேகமலைக்குச் சுற்றுலாக் கார் போகலாம். மாடு போகக் கூடாது. மாடு என்ன பிளாஸ்டிக் பாட்டிலா போடுகிறது?

காட்டுக்குள் நாம் போகக் கூடாது. சரி, காடு நம்மிடம் வராமல் இருக்கிறதா? காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் நிலக்கடலையையும் மரவள்ளியையும் புரட்டிப் போட்டுவிட்டுப் போகிறது. 2025 ஜனவரியில் அரசு ஒரு முடிவு சொன்னது: காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை சுடலாம், 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துத் திரும்பக் காட்டில் விட வேண்டும், 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. அடிவாரத்தில் நம்மில் எத்தனை பேர் நிலம் அந்த ஒரு கிலோமீட்டருக்குள் கிடக்கிறது? பன்றி அதிகம் மேய்கிற இடத்தில்தான் பாதுகாப்பு இல்லை என்றால் இந்த முடிவு யாருக்காக?

நொந்துபோன இந்த நேரம் பார்த்துத்தான் புரோக்கர் வருகிறான். "என்ன அண்ணே, பன்றியோடு மாரடிக்கிறீங்க? நல்ல விலை தர்றேன், கொடுத்துட்டுப் போங்க" என்பான். மசினகுடியைப் பார்த்துப் படிக்க வேண்டும். யானை பார்க்க ஆள் வருகிறது என்று அங்கே ரிசார்ட்டுகள் முளைத்தன. 2010-ல் அரசு அந்தப் பகுதியை யானை வழித்தடம் என்று அறிவித்தது. 2018-ல் உச்சநீதிமன்ற உத்தரவில் ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அந்த அறிவிப்பு செல்லும் என்றது. நீதிமன்றம் யானையைக் காத்தது சரிதான். 2021-ல் அதே மசினகுடியில் தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானை மேல் எரிகிற டயரை வீசியதையும், அது செத்ததையும் நாடே பார்த்ததே! ஆனால் அந்த அறிவிப்பின் எல்லைக்குள் ரிசார்ட் முதலாளி நிலத்தோடு தலைமுறையாய்ப் பயிர் செய்த சிறு விவசாயி நிலமும் சேர்ந்தே சிக்கியது. முதலாளிக்கு வேறு ஊரில் வேறு தொழில் இருக்கும். நமக்கு?

ஆகவே நாம் கேட்கிறோம். நம் ஊர் வழியாகப் போகிற மலையேற்றப் பாதைக்குக் கிராமசபை ஒப்புதல் வேண்டும். டிக்கெட் பணத்தில் ஊருக்கு ஒரு பங்கு வேண்டும். அது நோயாளியை இறக்கும் பாதைக்கும் தீத்தடுப்புக் கோட்டுக்கும் செலவாக வேண்டும். வழிகாட்டி வேலை அந்தந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே. மேய்ச்சலை வனஉரிமைச் சட்டப்படி ஊர் உரிமையாக எழுதித் தர வேண்டும். பன்றி அழித்த பயிருக்கு அந்தப் போகத்துக்குள்ளேயே பணம் கைக்கு வர வேண்டும்.

அக்டோபர் 2 கிராமசபைக்கு வீட்டில் ஒருவரும் பாக்கியில்லாமல் வாருங்கள். மேய்ச்சலுக்கும் காட்டுப்பொருளுக்குமான சமூக உரிமைப் படிவங்களைச் சங்கத்தில் வாங்கிக்கொள்ளலாம். அதன் பின் ஊர் ஊராக நடக்கும் வனஉரிமைக் கூட்டத்தில் பாதிப் பேராவது உட்கார வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் தீர்மானம் செல்லாது. பளியர் மக்களுக்கு 75 வருடக் கணக்கு கிடையாது, அவர்கள் தனியாக மனுக் கொடுக்கலாம். பழைய வீட்டுவரி ரசீது, மேய்ச்சல் பாஸ், அபராதம் கட்டிய சீட்டு, எது கிடைத்தாலும் எடுத்து வாருங்கள். நம்மைப் பிடித்து அபராதம் போட்ட சீட்டுதான் நாம் அங்கே இருந்ததற்குச் சாட்சி! காகிதம் இல்லாதவர்கள் மனசு தளர வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதிவாங்கினால் அதுவும் ஆதாரம். பழைய கிணறு, சுடுகாடு, காட்டுக்குள் இருக்கும் சாமி இடம், இவையும் ஆதாரம். எண்பது வயசு தாண்டிய தாத்தா பாட்டிகள் யார் யார் என்று இப்போதே குறித்து வைத்து, அன்றைக்கு ஆட்டோ வைத்தாவது கூட்டி வாருங்கள். ஆட்டோ வராத ஊருக்குச் சங்கத் தோழர்கள் முதல் நாளே மேலே வந்துவிடுவார்கள்.