பெயர்ப்பலகையை நம்பாதீர்!

வாயிலிலே 'மருத்துவமனை' என்று பலகை! உள்ளேயோ, நோயாளியை நாற்காலியின் அடியில் அழுத்தி, அதன்மேல் ஊழியர் அமர்ந்திருக்கிறார்! உடுத்திய உடையோடு நீரில் நனைத்து, நடுங்கும் குளிரிலே வெளியே கிடத்துகிறார்கள்!

காட்டுமிராண்டிக் காலத்துக் கதையன்று இது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கருகே, விண்டர்போர்ன் வியூ என்னும் தனியார் மருத்துவமனையில், அறிவுசார் குறைபாடுடையோருக்கு நேர்ந்த கொடுமை. மறைத்து வைத்த காமிராவுடன் ஊழியராக நுழைந்த செய்தியாளர் ஒருவர் படமெடுத்தார். 2011 மே 31 அன்று பி.பி.சி. ஒளிபரப்பியது, உலகம் பதறியது. ஒருவரைப் பராமரிக்க வாரத்துக்குச் சராசரி 3,500 பவுண்டு. தந்தது மக்களின் வரிப்பணம். வாங்கியது பராமரிப்புக்கு, வழங்கியது அடியும் உதையும்!

எவருக்கும் தெரியாதா? தெரியும்! உள்ளாட்சி மன்றத்துக்கு 40 எச்சரிக்கைகள் வந்தன. காவல்துறைக்கு 29 நிகழ்ச்சிகள் எட்டின. மூத்த செவிலியர் ஒருவர் 2010இல் தந்த புகார், கண்காணிப்பு ஆணையம் வரை சென்று அங்கே உறங்கியது. ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. கோப்புகளைச் சேர்த்துப் பார்க்கக் கண்ணில்லை!

அங்கிருந்த பெண்ணொருத்தி தன் பெற்றோரிடமே சொன்னாள். 'மருத்துவமனையில் இப்படியெல்லாம் நடக்க விடுவார்களா?' என்று அவர்களும் நம்பவில்லை. அன்பில்லாதவர்களா அவர்கள்? அல்லர்! பலகையின்மீது வைத்த நம்பிக்கை, மகளின் சொல்லைவிடப் பெரிதாகிவிட்டது. கேள்வி கேளாமல் நம்புவது எதுவாயினும் மூடநம்பிக்கையே என்கிறோம் நாம்.

'கெட்ட ஊழியர் சிலரின் செயல், தண்டித்தாயிற்றே' என்பர். ஆம், 2012இல் பதினொருவர் தண்டனை பெற்றனர். அறுவர் சிறை சென்றனர். எல்லோரும் கீழ்நிலைப் பணியாளரும் செவிலியருமே! இலாபம் கண்ட நிறுவனத்தின் இயக்குநர் ஒருவரேனும் கூண்டேறினாரா? கார்டிப் நகரின் ஈலி மருத்துவமனைக் கொடுமை 1967இலேயே வெளிவந்தது. 1969இல் விசாரணை அறிக்கையும் வந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2019இல், டர்ஹாம் பகுதியின் வோர்ல்டன் ஹால்! ஆணையம் 2017இல் 'நன்று' என்று சான்றளித்த இடம் அது. 2015இல் ஆய்வாளர் எழுதிய எச்சரிக்கையோ வெளியிடப்படவே இல்லை. ஆட்கள் மாறினர், அடைக்கும் முறை மாறவில்லை!

இவர்களைத் தம் ஊர்களிலேயே, ஆதரவுடன் வாழவைப்போம் என்று 2012இல் ஆட்சியாளர் உறுதியளித்தனர்; கெடு 2014 ஜூன். 2024இலோ, அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உடைய ஏறத்தாழ 2,000 பேர் இன்னும் மருத்துவமனைகளில்!

விண்டர்போர்ன் வியூவில் உறவினர் கூடத்துக்குள் நுழையத் தடை இருந்தது. தடையுள்ள இடத்தில்தான் கொடுமை தழைக்கும். எனவே கேட்கிறோம்: உறவினர் எந்நேரமும் படுக்கையறை வரை செல்லட்டும். ஆய்வாளர் அறிவிப்பின்றி வரட்டும். வந்தவர் மேலாளரிடம் பேசுமுன் அங்கு வாழ்வோரிடம் பேசட்டும். பேச இயலாதார்க்குத் துணையாக, நிறுவனத்திடம் கூலி வாங்காத ஒருவர் நிற்கட்டும். புகார்களெல்லாம் ஒரே மேசைக்கு வரட்டும். குற்றம் நடந்தால் இலாபம் பெற்றவரும் பதில் சொல்லட்டும்.

இது இரக்கப் பிச்சையன்று, மனிதர்க்குரிய உரிமை. தோழர்களே, எந்த ஊரிலாயினும் 'இல்லம்' என்ற பலகையைக் கண்டால் வணங்கி நகராதீர்! கதவைத் தட்டுங்கள். உள்ளிருப்பவர் சொல்வதை முதலில் நம்புங்கள்; பலகையைப் பிறகு படிக்கலாம்!