தமிழ் இணைய முகவரிகளும் ஆய்வுச் சான்றும்

ஆய்வுரைகளின் அடிக்குறிப்புகளில் இணைய முகவரிகள் பெருகிவருகின்றன. சான்றைப் படிப்பவர் தாமே சரிபார்க்க வழிசெய்வதே அடிக்குறிப்பின் நோக்கம். தமிழெழுத்துகள் அமைந்த முகவரிகளில் இந்நோக்கம் குறியாக்கப் பிழைகளால் பலவேளைகளில் நிறைவேறுவதில்லை.

இராசபாளையத்தை அடுத்த தேவதானம் என்னும் ஊர்ப்பெயரைச் சான்றாகக் கொள்வோம். கோயிலுக்கு விடப்பட்ட நிலக்கொடையைக் குறிக்கும் இச்சொல் கண்ணுக்கு 5 எழுத்துகளே. ஒருங்குறியில் துணைக்குறிகளும் புள்ளியும் தனித்தனியே இடம்பெறுவதால் அது 8 குறியீடுகளாகும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு. ஆக 24 பைட்டு. 2005இல் வெளியான ஆர்எஃப்சி 3986 நெறிப்படி, ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரு பதினாறடிமான இலக்கங்களுமாக எழுதப்படும். 5 எழுத்துச் சொல் 72 வரியுருக்களாக நீள்கிறது. அச்சில் வரி மடியுமிடத்தில் ஓர் இணைப்புக்கோடு புகுந்தாலும் முகவரி பயனற்றுப்போகும்.

முன்பே குறியாக்கம் பெற்ற முகவரியை நிரல் மீண்டும் குறியாக்குவது அடுத்த பிழை. அப்போது விழுக்காட்டுக் குறியே குறியாக்கத்திற்கு உள்ளாகி, 72 வரியுருக்கள் 120 ஆகின்றன. வழங்கி அதனை ஒருமுறை மட்டுமே அவிழ்ப்பதால் பக்கம் கிட்டுவதில்லை.

மூன்றாவது பிழை கண்ணுக்குப் புலப்படாதது. தேவதானத்து நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலைத் தேடுபவர் ‘கோயில்’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் உள்ளிடலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் உள்ளிடலாம். ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் நிகரானவை என்றே கொள்கிறது. ஆயினும் பைட்டுகள் வேறானவை. ஒருமைப்படுத்தாத தரவுத்தளம் இரண்டாவது வடிவத்தை வேறொரு சொல்லாகவே கருதும். உள்ள ஆவணத்தை இல்லையென ஆய்வாளர் முடிவுசெய்ய இதுவே போதும்.

முகவரிகளை உரோமன் எழுத்தில் அமைத்துவிட்டால் சிக்கல் தீரும் என்பர் சிலர். வழக்கிலுள்ள எளிய உரோமன் எழுத்துப்பெயர்ப்பில் லகர, ளகர வேறுபாடும் னகர, ணகர வேறுபாடும் மறைந்துவிடுகின்றன. ஊர்ப்பெயராய்வுக்கு இவ்வேறுபாடுகள் இன்றியமையாதவை. ஆகவே அத்தீர்வு ஏற்புடையதன்று.

ஆய்விதழ்கள் முகவரியைத் தமிழெழுத்திலேயே அச்சிட்டு, பக்கத் தலைப்பையும் பார்த்த நாளையும் உடன் தருதல் வேண்டும். மின்னூலகங்களை அமைப்போர் உள்ளீட்டை ஒருங்குறியின் என்எஃப்சி வடிவிற்கு ஒருமைப்படுத்திய பின்னர், முகவரியின் பகுதிகளைத் தனித்தனியே, ஒரே ஒருமுறை குறியாக்குதல் வேண்டும். பாடவேறுபாடுகளை நுணுகி ஆராயும் தமிழ்த்துறை, முகவரியின் வடிவத்திலும் அந்நுணுக்கத்தைக் காட்டுதல் அதன் கடமையே ஆகும்.